சாலைப் பள்ளம் புகார் முதல் ரோடு கட் அனுமதி வரை: சென்னையில் எதை எந்த வரிசையில் செய்வது

தெருவில் பள்ளம் விழுந்தால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்கு ஒரு போன் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்வது. சில நாள் கழித்து "புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும், பள்ளம் அதே இடத்தில் இருக்கும். எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கத்தில் இந்த வேலையை நீண்ட நாளாகப் பார்த்துவருகிறேன். புதிதாக இறங்குபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: புகார் போகவேண்டிய துறைக்குப் போவதில்லை, போனாலும் அதில் இருக்கவேண்டிய விவரம் இருப்பதில்லை.

முதல் பாதி பள்ளத்தைப் பற்றிப் புகார் செய்வது. இரண்டாம் பாதி, குடிநீருக்கோ கழிவுநீருக்கோ இணைப்பு எடுக்க நீங்களே சாலையை வெட்டவேண்டி வந்தால் அனுமதி வாங்குவது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நம் தெருக்களில் விழும் பள்ளங்களில் நிறைய, யாரோ வெட்டிவிட்டுச் சரியாக மூடாமல் போன இடத்தில் விழுபவை. இங்கே சொல்லியிருக்கும் எண்களும் அலுவலகங்களும் சென்னைக்கானவை; வரிசை மட்டும் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

1. அது யாருடைய சாலை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

போனை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. இதில் தவறினால் மீதி எல்லாமே வீண், ஏனென்றால் "எங்கள் துறைக்கு உட்பட்டதல்ல" என்ற ஒரே வரியில் புகாரை மூடிவிட முடியும், அந்தப் பதில் சரியாகவும் இருக்கும்.

நீங்கள் இருப்பது பெருநகர சென்னை மாநகராட்சிதானா என்று பாருங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் எல்லாம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. புறநகரில் பல இடங்கள் ஊராட்சி. இங்கிருந்தெல்லாம் 1913க்குப் போன் செய்துவிட்டு "யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று வருத்தப்படுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அஞ்சல் முகவரியில் சென்னை என்று இருப்பதால் மட்டும் அது சென்னை மாநகராட்சி ஆகிவிடாது. வீட்டு வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முடிவு.

மாநகராட்சிக்குள் இருந்தாலும் எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையது அல்ல. உட்புறத் தெருக்கள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பேருந்து ஓடும் மாநகராட்சிச் சாலைகளைத் தலைமையகத்தில் உள்ள பேருந்து சாலைகள் துறை தனியாகப் பார்க்கிறது. அண்ணா சாலை, நூறடிச் சாலை, ஈ.வெ.ரா. பெரியார் சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஓ.எம்.ஆர். எனப்படும் ராஜீவ் காந்தி சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் பராமரிக்கிறது. மதுரவாயல் புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, அதற்கு உதவி எண் 1033.

இதற்கு மேல் மெட்ரோ ரயில் இருக்கிறது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளம், மூன்று வழித்தடங்கள். தடுப்புப் பலகை வைத்து வேலை நடக்கும் இடத்தையும் அதை ஒட்டி வண்டிகளைத் திருப்பிவிடும் பாதையையும் சரியாக வைத்திருப்பது மெட்ரோ நிறுவனமும் அதன் ஒப்பந்ததாரரும் செய்யவேண்டிய வேலை. அங்கே விழும் பள்ளத்துக்கு வார்டுப் பொறியாளரிடம் போனால் அவர் கையை விரிக்கத்தான் செய்வார்.

எப்படித் தெரிந்துகொள்வது? உட்புறத் தெரு என்றால் தெருப் பெயர்ப் பலகையையே பாருங்கள், வார்டு எண், மண்டலம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். பலகை பழையதாக இருந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள். 2011இல் மாநகராட்சி விரிவடைந்து 155 வார்டுகள் 200 ஆனபோது எண்கள் மாறிவிட்டன, பழைய எண்ணைத் தாங்கிய பலகைகள் இன்னும் சில தெருக்களில் நிற்கின்றன. பெரிய சாலை என்றால் கடைசியாகத் தார் போட்டது யார் என்று அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அதுவும் தெரியவில்லையென்றால் வார்டு உதவிப் பொறியாளரை, அதாவது ஏ.இ.யை, நேரில் கேட்பதுதான் வேகமான வழி.

2. பள்ளம் ஏன் விழுந்தது என்று பாருங்கள்

இதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பள்ளத்தின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், அதன் வடிவமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

தார் மேற்பரப்பு மட்டும் உரிந்து, ஜல்லி சிதறி, ஓரம் கரடுமுரடாகக் கிண்ணம்போல் குழிந்திருந்தால் அது சாதாரணப் பள்ளம். விரிசலில் மழைநீர் இறங்கி, மேலே வண்டிகள் ஓடி ஓடி ஜல்லி பெயர்ந்திருக்கும். இது சாலைப் பிரிவின் வேலை.

நீளமாக, நேர்க்கோட்டில், ஒன்றிரண்டு அடி அகலத்தில் சாலையே அமுங்கியிருந்தால் அது கேபிளோ குழாயோ போட வெட்டிய இடம். யாரோ அனுமதி வாங்கி, அல்லது வாங்காமல், தோண்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிப் போயிருக்கிறார்கள். இதைப் "பள்ளம்" என்று புகார் செய்தால் இரண்டு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும். "சாலை வெட்டு சீரமைக்கப்படவில்லை" என்று எழுதினால்தான் யார் வெட்டினார்கள், அனுமதி உண்டா, சீரமைப்புக் கட்டணம் கட்டினார்களா என்ற கேள்விகள் எழும்.

மேலே தார் அப்படியே இருந்து, நடுவில் மட்டும் தட்டுபோல் அமுங்கிக்கொண்டே வருகிறதா? மழை இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாக இருக்கிறதா, நாற்றம் வருகிறதா? அப்படியென்றால் கீழே குழாய் உடைந்து மண்ணை அரித்துக்கொண்டிருக்கிறது. இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஒரு நாள் லாரி ஏறும்போது சாலை அப்படியே உள்வாங்கிவிடும். இதற்கு முதல் புகார் குடிநீர் வாரியத்துக்கு: 1916 அல்லது 044-45674567. குழாயைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை முறை தார் போட்டாலும் நிற்காது.

மூடி உடைந்திருந்தாலும் எந்த மூடி என்று பாருங்கள். சாலையின் நடுப்பகுதியில் வட்டமாக இருப்பது பெரும்பாலும் பாதாளச் சாக்கடை, அது குடிநீர் வாரியத்துடையது. ஓரத்தில் நடைபாதையை ஒட்டிச் செவ்வகமாகக் கான்கிரீட் பலகை போட்டிருப்பது மழைநீர் வடிகால், அது உட்புறத் தெருக்களில் மாநகராட்சியுடையது. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதால் வீணாகும் நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல. மின் கம்பி வெளியே தெரிந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. அதைத் தொட்டுப் பார்க்கவோ தள்ளிவைக்கவோ கூடாது.

3. படம் எடுக்கும் விதம்

பள்ளத்தின் மேலே குனிந்து நின்று எடுத்த படம் எந்தத் தெருவுக்கும் பொருந்தும். சாலை ஆய்வாளர் அதை வைத்துக்கொண்டு தெருவில் தேடமுடியாது.

குறைந்தது இரண்டு படம் வேண்டும். முதலாவது கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது: பள்ளமும் தெரியவேண்டும், பின்னால் கடைப் பலகையோ வீட்டு எண்ணோ தெருவிளக்குக் கம்பமோ தெரியவேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடை மாறலாம், கம்பம் மாறாது. இரண்டாவது கிட்டே எடுத்தது, அளவு தெரிவதற்காக. ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ பக்கத்தில் வைத்து எடுங்கள். தண்ணீர் நிரம்பியிருந்தால் ஒரு குச்சியை இறக்கி, நனைந்த இடம்வரை தெரியும்படி எடுங்கள், இல்லையென்றால் பள்ளம் வெறும் குட்டைபோலத்தான் தெரியும்.

பகலில் எடுப்பது நல்லது. இருப்பிடத்தை ஆன் செய்துவிட்டு எடுங்கள், அசல் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படத்தைப் புகாரில் ஏற்றினால் அதில் எடுத்த இடமும் நேரமும் இருக்காது, அனுப்பும்போதே அந்த விவரம் போய்விடும்.

4. உடனடி ஆபத்து என்றால் புகாரை அப்புறம் பாருங்கள்

மூடி இல்லாத குழி, உள்வாங்கிய சாலை, இரவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் என்றால் முதலில் 112 அல்லது 100. போலீஸ் வந்து தடுப்பு வைத்தால்தான் அன்றைய இரவு தாண்டும். அதுவரை மரக்கிளையோ, பழைய டயரோ, சிவப்புத் துணி கட்டிய குச்சியோ, தூரத்திலிருந்தே தெரியும்படி வையுங்கள். பெரிய கல்லை வைக்காதீர்கள். இருட்டில் டூவீலரில் வருபவருக்குப் பள்ளத்தைவிட அந்தக் கல் மோசம்.

5. புகாரைப் பதிவு செய்வது

மாநகராட்சிச் சாலை என்றால் மூன்று வழி: 1913, 'நம்ம சென்னை' செயலி, மாநகராட்சி இணையதளத்தின் குறைதீர்ப்புப் பகுதி. படத்தை ஏற்ற முடியும் என்பதால் நான் செயலியைத்தான் சொல்வேன். போன் பழகிய பெரியவர்களுக்கு 1913 வசதி, ஆனால் பேசும்போது வார்டு எண்ணையும் கம்ப எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலி. 2023 நவம்பரில் வந்தது, சாலையின் வகையைப் பொறுத்து 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் பள்ளத்தை மூடுவதாகச் சொல்லித்தான் தொடங்கினார்கள். அந்தக் கெடுவைப் புகாரிலேயே நினைவூட்டலாம்.

செயலி தானாகக் காட்டும் இடத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நெருக்கமான தெருக்களில் புள்ளி பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்துவிடும், கையால் நகர்த்திச் சரியான இடத்தில் வையுங்கள். வீட்டுக்குப் போய்ச் சோபாவில் உட்கார்ந்து பதிவு செய்தால் உங்கள் வீட்டு வாசலில் பள்ளம் இருப்பதாகப் போகும், ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு "அப்படி எதுவும் இல்லை" என்று எழுதிவிடுவார்.

விவரத்தில் கோபத்தைக் கொட்டவேண்டாம், இடத்தையும் அளவையும் கொட்டுங்கள். "சாலை படுமோசம், அதிகாரிகள் தூங்குகிறார்களா" என்று எழுதினால் படிப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இப்படி எழுதலாம்:

"இரண்டாவது குறுக்குத் தெரு, 12 மற்றும் 14ஆம் எண் வீடுகளுக்கு நடுவில், பால் பூத்துக்கு எதிரே, விளக்குக் கம்பம் எண் இன்னது. சாலையின் குறுக்கே சுமார் 15 அடி நீளம், 2 அடி அகலத்துக்குக் குழாய்க்காக வெட்டிய இடம் அரை அடி அமுங்கியுள்ளது. மழைக்கு முன்பிருந்தே இப்படி இருக்கிறது. ஜல்லி மட்டும் கொட்டாமல், அடியிலிருந்து இறுக்கித் தார் போட்டுத் தரவும். பள்ளி வேன் செல்லும் தெரு."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. இடம் தெளிவு, வெட்டிய இடம் என்பது தெளிவு, என்ன செய்யவேண்டும் என்பதும் தெளிவு.

தள்ளித் தள்ளி இருக்கும் பள்ளங்களுக்குத் தனித்தனிப் புகார் போடுங்கள். ஒரே புகாரில் ஐந்து பள்ளத்தைச் சொன்னால் ஒன்றை மூடிவிட்டு எல்லாவற்றையும் முடித்ததாகக் கணக்குக் காட்ட வழி கிடைக்கும். ஆனால் தெரு முழுக்கவே பெயர்ந்திருந்தால் கதை வேறு. அது பேட்ச் ஒர்க்கில் தீராது, மதிப்பீடு போட்டு டெண்டர் விட்டுப் புதிதாகப் போடவேண்டிய சாலை. அதற்குச் செயலிப் புகார் பயன்படாது. தெருக்காரர்கள் கையெழுத்திட்ட மனுவை ஏ.இ.யிடமும் கவுன்சிலரிடமும் கொடுத்து, வார்டின் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்திலும் எழுப்பவேண்டும். அப்போதே, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடும்படி எழுத்தில் கேளுங்கள். மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீட்டுக்குள் தண்ணீர் வரும். சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார், அதனால் தயங்காமல் கேட்கலாம்.

6. எண் வந்த பிறகுதான் வேலை ஆரம்பம்

புகார் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எஸ்எம்எஸ்சை நம்பாதீர்கள், போன் மாறினால் போய்விடும். எண் இல்லாமல் மண்டல அலுவலகத்துக்குப் போனால் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று நாள் பொறுத்து ஏ.இ.க்கு ஒரு போன் போடுங்கள். சண்டைக்காக அல்ல, "சார், இந்த எண்ணில் ஒரு புகார் இருக்கிறது, எப்போது ஆள் வருவார்கள்? நான் இடத்தைக் காட்டுகிறேன்" என்று கேட்பதற்காக. இடத்தைக் காட்ட ஆள் இருக்கிறார் என்றாலே வேலை முன்னால் நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு ஏ.இ. கையில் ஒரு வார்டின் எல்லாத் தெருவும் இருக்கிறது, அவருக்கும் இது உதவிதான்.

மழைக்காலத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தார் ஈரத்தில் ஒட்டாது, சூடான தார்க் கலவை தயாரிக்கும் ஆலையும் தொடர்மழையில் ஓடாது. அதனால் வடகிழக்குப் பருவமழையின்போது ஜல்லிக் கலவையோ, சூடாக்காமல் போடும் தார்க் கலவையான குளிர்கலவையோ போட்டுத் தற்காலிகமாக மூடுவார்கள். அது தவறில்லை. ஜனவரியில் வந்து நிரந்தரமாகச் செய்யாமல் விடுவதுதான் தவறு. பொங்கல் முடிந்ததும் அதே இடத்துக்குப் புதிய படத்தோடு புதுப் புகார் போடுங்கள், பழைய எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.

மூடாமலே "முடிந்தது" என்று வந்தால் அன்றே போய், அன்றைய தேதி தெரியும்படி படம் எடுங்கள். செய்தித்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்தாலும் சரி. புதுப் புகாரில் முதல் வரியாகப் பழைய எண்ணையும் "வேலை நடக்காமலே முடிக்கப்பட்டது" என்பதையும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்த படத்துக்கு "மூடினோம், மறுபடி பெயர்ந்துவிட்டது" என்று பதில் வர வாய்ப்பு உண்டு, அன்றே எடுத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

7. அதற்கும் அசையவில்லை என்றால்

ஏ.இ., அவருக்கு மேல் உதவிச் செயற்பொறியாளர், அவருக்கு மேல் மண்டலச் செயற்பொறியாளர். இந்த வரிசையில் போங்கள். நேராக ஆணையருக்கு எழுதினாலும் அது இறங்கி இறங்கி அதே ஏ.இ. மேசைக்குத்தான் வரும். முதல்வரின் முகவரித் துறையின் 1100 உதவி எண்ணிலும் பதியலாம், பழைய புகார் எண்கள் கையில் இருந்தால் அதற்கு நல்ல கனம் உண்டு.

இதற்கெல்லாம் அசையாத இடத்தில் தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய்க் கட்டணம், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். புதியவர்கள் இதில் செய்யும் தவறு "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்பது. தகவல் அலுவலர் ஏன் என்பதற்குப் பதில் சொல்லவேண்டியதில்லை, இருக்கும் ஆவணத்தைத் தந்தால் போதும். அதனால் ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தச் சாலை கடைசியாக எந்தத் தேதியில் போடப்பட்டது, ஒப்பந்ததாரர் யார், எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது, குறைபாடுகளுக்கு அவர் எத்தனை ஆண்டு பொறுப்பு, எம்-புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து பதியும் அளவீட்டுப் புத்தகத்தில், அந்த வேலைக்கான பக்கங்களின் நகல், கடந்த ஓராண்டில் இந்தத் தெருவில் வழங்கிய சாலை வெட்டு அனுமதிகளின் நகல்.

ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் முடியவில்லை என்று தெரிந்தால் அவர் தன் செலவிலேயே சரிசெய்யவேண்டும், "நிதி இல்லை" என்ற பதில் அங்கே எடுபடாது. விண்ணப்பம் போனதுமே, பதில் வருமுன் சாலைக்கு ஆள் வந்துவிடுவதும் உண்டு. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பள்ளத்தால் யாராவது விழுந்து அடிபட்டால், மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் "சாலைப் பள்ளத்தில் விழுந்ததால்" என்றே எழுதச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்குங்கள். வெறும் "வண்டியிலிருந்து தவறி விழுந்தார்" என்று பதிந்துவிட்டால் பின்னால் எந்தக் கோரிக்கைக்கும் அது குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது, சாலையைத் தரமாக அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

8. நீங்களே வெட்டவேண்டும் என்றால்: விண்ணப்பத்துக்கு முன்

முதலில் காலண்டரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் சாலை வெட்டு அனுமதியை நிறுத்திவைக்கும், அவசர வேலைக்கு மட்டும் விதிவிலக்கு. செப்டம்பரில் போய் நின்றால் ஜனவரி வரை காத்திருக்கவேண்டி வரலாம். வீடு கட்டுபவர்கள் பெயின்ட் வேலை முடிந்த பிறகு இணைப்பைப் பற்றி யோசிக்கிறார்கள், தளம் போடும்போதே யோசிக்கவேண்டிய விஷயம் இது.

இரண்டாவது, உங்கள் தெரு புதிதாகப் போட்டதா, அல்லது போடப்போகிறார்களா என்று ஏ.இ.யிடம் கேளுங்கள். புதுச் சாலையை வெட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. சாலை போடப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே உங்கள் இணைப்பை முடித்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள். நான்கு வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் வேலையை முடித்தால் தெரு ஒரு தடவைதான் கிழியும்.

மூன்றாவது, குடிநீர் வாரியத்தின் வார்டு அளவிலான அலுவலகமான டெப்போவுக்குப் போய், முதன்மைக் குழாய் சாலையின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று கேட்டு அளந்துகொள்ளுங்கள். கட்டணம் வெட்டும் பரப்பைப் பொறுத்தது. குழாய் உங்கள் பக்கத்திலேயே ஓடினால் நான்கு அடி வெட்டினால் போதும். தெரியாமல் சாலையின் முழு அகலத்துக்கும் விண்ணப்பித்து அதற்கான பணத்தைக் கட்டியவர்கள் உண்டு.

9. விண்ணப்பமும் பணமும்

வரிசை இதுதான்: முதலில் குடிநீர் வாரியத்தில் இணைப்புக்கான விண்ணப்பம், அவர்களின் ஆய்வு, கேட்புத் தொகை, அதற்குப் பின் சாலை வெட்டு அனுமதி. தலைகீழாகச் செய்யமுடியாது, எந்தக் குழாயில் எங்கே இணைக்கப்போகிறோம் என்பது முடிவாகாமல் எவ்வளவு வெட்டவேண்டும் என்று சொல்லமுடியாது அல்லவா. சொத்து வரி ரசீது, கிரயப் பத்திரம், கட்டட அனுமதி, அடையாள அட்டை, நகல்களோடு தயாராக இருக்கட்டும். வரி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள், அதுவே கோப்பை நிறுத்திவிடும்.

வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் பணம் கட்டும் முன், சாலைச் சீரமைப்புக் கட்டணம் இந்தத் தொகையில் அடங்கியதா, மாநகராட்சியில் தனியாகக் கட்டவேண்டுமா என்று தெளிவாகக் கேட்டு, பதிலை ரசீதின் பின்னாலேயே எழுதி வையுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காததால் வேலை நடக்கும் நாளில் மாநகராட்சி ஆள் வந்து நிறுத்திய இடங்கள் இருக்கின்றன.

மாநகராட்சி விண்ணப்பத்தில் தெருப் பெயர், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, நீளம், அகலம், சாலை தாரா கான்கிரீட்டா பேவர் பிளாக்கா, எத்தனை நாள் வேலை என்பவை இருக்கவேண்டும். மேற்பரப்பைப் பொறுத்துச் சதுர மீட்டர் கட்டணம் மாறும். ஏ.இ. வந்து அளந்து பார்ப்பார், அப்போது நீங்களோ உங்கள் பிளம்பரோ கூட நில்லுங்கள். பேருந்து ஓடும் சாலை என்றால் போக்குவரத்துப் போலீசின் தடையில்லாச் சான்றும் வேண்டும், வேலை நேரத்தை இரவாகத்தான் தருவார்கள். அதற்கு ஏற்றபடி ஆட்களைப் பேசுங்கள்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் எண் 1064. "அனுமதி எல்லாம் வேண்டாம், ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி மூடிவிடலாம்" என்று ஆசை காட்டும் ஒப்பந்ததாரர் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார். அபராதம் வந்தால் வீட்டுக்காரர் பெயருக்கு வரும், இணைப்பும் துண்டிக்கப்படும், அவர் பணத்தோடு போய்விட்டிருப்பார்.

தெருவில் பந்தல், மேடை போடுவதற்கும் அனுமதி தேவை, மண்டல அலுவலகமும் காவல் நிலையமும் இரண்டும். அங்கேயும் சாலையில் குழி தோண்டிக் கம்பு நடக்கூடாது. மணல் நிரப்பிய டிரம்மில் நட்டால் பந்தல் தாராளமாக நிற்கும்.

10. வெட்டும் நாள்

அனுமதிக் கடிதத்தின் நகல் வேலை நடக்கும் இடத்தில் இருக்கட்டும். முதல் நாளே தெருக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள், காரை வெளியே எடுத்து நிறுத்த அவர்களுக்கு நேரம் வேண்டும்.

தடுப்பும், இரவில் தெரியும் ஒளிரும் பட்டையும், யார் வேலை செய்கிறார்கள், எந்தத் தேதியில் முடியும் என்று சொல்லும் பலகையும் முதலில் வைக்கப்படவேண்டும். கடப்பாரை அதற்குப் பிறகு. பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது, பாதி தோண்டிய பிறகு ஒரு கயிறு கட்டுகிறார்கள்.

ஓரத்தைத் தார் வெட்டும் இயந்திரத்தால் நேராக அறுத்துவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள். கடப்பாரையால் பெயர்த்தால் பக்கத்துத் தாரும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், ஓர் அடி வெட்டு இரண்டடி ஆகிவிடும், மேற்கொண்டு பணம் கேட்பார்கள். மின் கேபிள் இருக்கும் பக்கத்தில் ஜே.சி.பி.யை இறக்கவே வேண்டாம், ஆள் வைத்துத்தான் தோண்டவேண்டும். குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரே குழியில் போட பிளம்பர் ஆசைப்படுவார், செலவு குறையும் என்பார். விடாதீர்கள். கழிவுநீர்க் குழாய் கசிந்தால் அந்த அழுக்கு முதலில் குடிநீருக்குள்தான் போகும்.

11. மூடுவதுதான் முக்கியம்

குழாயைச் சுற்றி முதலில் மணல், கல் எதுவும் குழாயை உரசக்கூடாது. அதற்கு மேல் அரை அடிக்கு ஒரு அடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்கவேண்டும். எடுத்த மண்ணை மொத்தமாக உள்ளே தள்ளி, மேலே ஏறி மிதித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒரு மழை பெய்ததும் மண் இறங்கும், இரண்டாம் பிரிவில் சொன்ன நீளமான பள்ளம் உங்கள் வாசலிலேயே தயார். வேலையாட்கள் கிளம்பும் நேரம் என்பதால் அவசரப்படுத்துவார்கள், அந்த அரை மணி நேரம் கட்டாயம் கூட நில்லுங்கள். உடைத்த தார்க் கட்டிகளையும் கான்கிரீட்டையும் உள்ளே போட்டு மூடவிடாதீர்கள், அவற்றுக்கு நடுவில் காற்று நிற்கும். மிச்சக் கழிவை அன்றே எடுத்துப் போகச் சொல்லுங்கள், தெருவோரம் விட்டால் அதற்குத் தனி அபராதம் உண்டு, மழையில் கரைந்து வடிகாலையும் அடைக்கும்.

மூடிய பிறகு தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேடாகவே ஜல்லிக் கலவை போட்டு வையுங்கள், வண்டி ஓட ஓட அது சமமாகும். மேலே தார் போடுவது மாநகராட்சியின் வேலை, அதற்குத்தான் நீங்கள் சீரமைப்புக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். நீங்களாகச் சிமென்ட் கலவை பூசி மூடிவிட்டால் "சரிசெய்யப்பட்டுவிட்டது" என்று அந்த இடம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், சிமென்டும் சில வாரத்தில் பெயர்ந்துவிடும்.

மூடிய அன்றே படம் எடுத்து, அனுமதி எண், ரசீது எண்ணோடு ஏ.இ.க்கு "வேலை முடிந்தது, சீரமைத்துத் தரவும்" என்று எழுத்தில் தெரிவியுங்கள். அவருக்கு வேலை முடிந்த தகவல் கிடைக்காமல் சீரமைப்புத் தொடங்காது, தானாகத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். மண் இறங்க ஒன்றிரண்டு வாரம் விடுவார்கள், அது சரிதான். அதற்கு மேலும் ஆள் வரவில்லை என்றால் 'நம்ம சென்னை' செயலியில் சாலை வெட்டு சீரமைக்கப்படவில்லை என்று உங்கள் சொந்த வெட்டுக்கே புகார் போடுங்கள், ரசீதின் படத்தையும் சேர்த்து.